ஊறுகாய் பாட்டிலில் வந்த சாயங்காலம்

செங்கால்குளத்துச் சாயங்காலம், ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலுக்குள் இருந்தபடி, தென்காசிக்குப் போகிற ஆறேகால் பஸ்ஸில் ஏறி, ரவிக்கை தைக்கிற பேராச்சியின் மடியில் உட்கார்ந்து, டிக்கெட் எடுக்காமல் ஊரை விட்டுப் போனது. கண்டக்டர் பார்க்கவில்லை. மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியனும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒரே ஒருவர், பரோட்டாக்கடை மாஸ்டர் பக்கீர் மைதீன். அவரும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதனால் இந்தக் கதை நாற்பது நாள் நீண்டுபோனது.

தென்காசியில் ஒன்பது பேர் சேர்ந்த ஓவியக் கூட்டம் ஒன்று இருந்தது. ஞாயிறு மதியம் சோறு உண்டுவிட்டு ஊரெல்லாம் பாயை விரிக்கிற நேரத்தில், இவர்கள் மட்டும் அட்டையும் தாளும் வண்ணப்பெட்டியும் மடக்கு ஸ்டூலுமாக பஸ் ஏறி, ஏதாவது ஒரு குளத்தங்கரை, ஏதாவது ஒரு பாறையடி, ஏதாவது ஒரு வாழைத்தோப்பு என்று போய் இறங்கி, எதிரே இருப்பதைப் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை வரைவார்கள். ஆரம்பத்தில் போன ஊர்களில் எல்லாம் இவர்களை நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்து சனம் பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. படம் வரையத்தான் வந்தார்கள் என்று தெரிந்ததும், "இதுக்காய்யா பஸ் ஏறி வந்திய?" என்று கேட்டு, மோர் கொடுத்து, தங்கள் மாட்டையும் படத்தில் சேர்க்கச் சொன்னது. கூட்டத்துக்குத் தலைவர் கண்ணாடிக்கடை அருமைநாயகம். எல்லாரையும்விட நன்றாக வரைவார் என்பதால் அல்ல; ஒன்பது பேரும் உட்காரக்கூடிய தார்ப்பாய் அவரிடம்தான் இருந்தது.

அருமைநாயகம் இரண்டே இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, இல்லாததை வரையக்கூடாது. செங்கால்குளத்துக் கரையில், பஸ் திரும்புகிற இடத்தில், ஒரு பெரிய புளியமரம் நின்றது. சாலையை அகலப்படுத்த இரண்டு வருஷத்துக்கு முன் அதை வெட்டி, அடிக்கட்டையையும் பெயர்த்து, மேலே தார் போட்டுவிட்டார்கள். வெட்டின மறுமாதம் பக்கீர் மைதீன் கைப்பழக்கத்தில் அந்த மரத்தைப் படத்தில் போட்டுவிட, அருமைநாயகம் பின்னால் வந்து நின்று, "எங்கவே இருக்கு மரம்? காட்டும் பாப்போம்" என்று கேட்டு, ஈரத்துணியைக் கையில் கொடுத்து அவரையே துடைக்க வைத்தார். துடைத்த இடம் அழுக்காகிப்போனதால் பக்கீர் மைதீன் அதன்மேல் ஓர் எருமையைப் படுக்கவைத்துச் சரிக்கட்டினார்.

இரண்டாவது சட்டம், எந்த ஊர்த் தண்ணீரில் தூரிகையைக் கழுவினாயோ, அந்தத் தண்ணீரை அந்த ஊரிலேயே ஊற்றிவிட்டு வா. வண்ணம் குழைக்கவும் தூரிகை கழுவவும் ஆளுக்கொரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொள்வார்கள். வேலை முடிந்ததும் வரிசையாகப் படித்துறையில் இறங்கி, கலங்கிப்போன அந்தத் தண்ணீரைத் திருப்பி ஊற்றுவார்கள். அருமைநாயகம் மேல்படியில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஏன் அப்படி என்று கேட்டால், "என் கடையில ஒருத்தர் கண்ணாடிய இன்னொருத்தர் மாட்டிக்கிட்டுப் போனா விடுவேனா? அது மாதிரிதான்" என்பார். அது எப்படி அது மாதிரி ஆகும் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் ஊற்றினார்கள்.

இந்தக் கூட்டத்தில் பேராச்சி சேர்ந்தது அவள் புருஷனுக்காக. கோமதிநாயகம் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். அதில் பெரும்பகுதி செங்கால்குளம் தடம். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அந்தக் குளத்தங்கரையில் வண்டியைத் திருப்புவார், திருப்பும்போது புளியமரத்தின் கிளை பஸ் கூரையை உரசும், கூரையில் உதிர்ந்த புளியம்பழத்துக்குப் பிள்ளைகள் ஏணியில் தொற்றும், எதிரே குளமும் வானமும் ஒரே நிறத்தில் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. மரம் வெட்டப்பட்டதை அவரிடம் பேராச்சி சொல்லவில்லை. கண் போனவரிடம் மரமும் போய்விட்டது என்று சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்?

கண் போன பிறகு அவர் தினமும் சாயங்காலம் கேட்பார்: "வானம் இப்ப என்ன கலரு?" சிவப்பு என்பாள். "எந்தச் சிவப்பு?" என்பார். பேராச்சி சாதாரணக் கண்காரி இல்லை. முந்நூறு நூல்கண்டுகளுக்கு நடுவே கையை விட்டு, சேலைக்கு அச்சாகப் பொருந்துகிற ஒன்றைப் பார்க்காமலே எடுப்பவள். அவளாலேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வெங்காயத்தோல் சிவப்பு, மாதுளைச் சிவப்பு, துவைத்த காவி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். "அது இல்ல" என்பார் அவர். வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணப்பெட்டியோடு பஸ் ஏறினாள்.

அந்தப் பங்குனி ஞாயிறன்று செங்கால்குளத்துக் கரையில் அவள் வரைந்த வானம் வழக்கம்போல் சரியாக வரவில்லை. மஞ்சளைக் குறைத்தாள், ஊதாவைக் கூட்டினாள், கழுவினாள், மறுபடி தொட்டாள், கழுவினாள். ஆறு மணிக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தபோது தற்செயலாகப் பாட்டிலைப் பார்த்தால், இரண்டு மணி நேரமாகக் கழுவிக் கழுவி விட்ட அத்தனை வண்ணமும் சேர்ந்து, உள்ளே இருந்த தண்ணீர் எதிரே இருந்த வானத்தின் நிறத்தில் நின்றது. கொஞ்சமும் கூடவில்லை, கொஞ்சமும் குறையவில்லை. வாழ்நாளில் ஒருதரம் இப்படிப் பொருந்துகிற நிறத்தைக் கண்ட தையல்காரி அதைக் குளத்தில் ஊற்றுவாளா? வீட்டுக்குக் கொண்டுபோய் நூலோடு ஒத்துப் பார்ப்போம், அடுத்த வாரம் வந்து ஊற்றினால் குளம் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது என்று நினைத்து, படித்துறை வரிசையில் வெறும் கையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அருமைநாயகம் ஒன்பது என்று எண்ணி முடித்தார்.

மறுநாள் அந்தப் பாட்டில் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில், நூல்டப்பாவோடு டப்பாவாக இருந்தது. தென்காசியின் சொந்தச் சாயங்காலம் வந்து, அதற்குரிய தூசியையும் ஹாரன் சத்தத்தையும் இறக்கி வைத்துவிட்டு, ஆறரைக்குப் போனது. வீட்டுக்காரர் எழுந்து போகும்வரை காத்திருக்கிற விருந்தாளியின் அடக்கத்தோடு காத்திருந்த செங்கால்குளத்துச் சாயங்காலம், அதற்குப் பிறகு பாட்டிலை விட்டு மெல்ல எழுந்து, ஜன்னல் கம்பியில் ஏறி, மெஷினில் ஏறி, சுவரில் ஏறி, அறையெல்லாம் நிறைந்து, வாசல்படி தாண்டித் தெருவிலும் கொஞ்சம் வழிந்தது. குளத்துப் பாசி வாசமும் எங்கேயோ மாடு கத்துகிற சத்தமும் அதோடு வந்தன. பேராச்சி மெஷினை நிறுத்தினாள்.

"ஏட்டி பேராச்சி," என்றார் மூலையில் நாற்காலியில் இருந்த கோமதிநாயகம். "பச்சை ரவிக்கைக்கு எதுக்கு நீல நூலக் கோத்திருக்க?"

அவள் குனிந்து பார்த்தாள். நீல நூல்தான். இருபது வருஷத்துத் தொழிலில் முதல் தப்பு. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று வருஷமாக அவள் குரல் வந்த திசையை மட்டும் பார்த்த கண், இப்போது அவள் முகத்தைப் பார்த்தது.

"இது செங்கால்குளத்து வெளிச்சம்லா," என்றார் அவர், சாதாரணமாக. "எனக்குத் தெரியாதா இது." பிறகு, "காதோரம் நல்லா நரைச்சிட்டு உனக்கு" என்றார்.

அரைமணி நேரம் இருந்தது அது. அந்த அரைமணியில் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழும்போது மூக்கு சிவக்கிறது என்று அவர் சொன்னதும் சிரித்தாள். ஏழு மணிக்கு வெளிச்சம் பாட்டிலுக்குள் திரும்பி ஒடுங்கியது, அவர் கண்ணும் அணைந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரே வாரத்தில் பேராச்சி குடியிருந்த மேட்டுத்தெருவில் அதற்கு ரெண்டாஞ் சாயங்காலம் என்று பேர் விழுந்தது. "ரெண்டாஞ் சாயங்காலம் முடியுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்" என்று தாய்மார் பிள்ளைகளை அதட்டினார்கள், பிள்ளைகள் அரைமணி கூடுதலாக விளையாடிக் கூடுதலாக முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை ஆறரைக்கு மேல் வரச்சொன்னார்கள், அந்த வெளிச்சத்தில் எந்தப் பெண்ணும் அழகாக இருந்தாள், ஏன், எந்த மாப்பிள்ளையும் சுமாராக இருந்தான். செங்கால்குளத்துக் கொக்குகள் தங்கள் சாயங்காலத்தைத் தேடிப் பறந்து வந்து கேபிள் ஒயரில் வரிசையாக உட்கார்ந்தன, தெருவில் நிறுத்தின வண்டிகளின் சீட்டெல்லாம் வெள்ளையாயிற்று, கேபிள்காரர் மட்டும் வந்து சத்தம்போட்டுவிட்டுப் போனார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வருகிற தண்ணீர்க் குழாயை எங்கிருந்து வருகிறாய் என்றா கேட்கிறோம்?

கோமதிநாயகம் அந்த அரைமணிக்காக மற்ற இருபத்துமூன்றரை மணியையும் பொறுத்துக்கொண்டார். நாளைக்குத் தேவையான ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து வரிசையாகக் குத்திவைப்பார். சுவரில் மகள் சுபிதாவின் கல்யாணப் படத்தைப் பார்ப்பார். அந்தக் கல்யாணத்தில் அவர் இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. சுபிதா இப்போது ஐந்து மாதம். ஆனியில் வளைகாப்பு போட்டுக் கூட்டிவர வேண்டும், ஆவணியில் பிரசவம். "புள்ள மொகத்த எந்தப் பக்கம் வச்சுப் பாத்தா வெளிச்சம் சரியா விழும்?" என்று கேட்டு, நாற்காலியை ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே சாக்கட்டியால் நான்கு கோடு போட்டுவைத்தார்.

பேராச்சி அடுத்த ஞாயிறு பாட்டிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை.

அங்கே செங்கால்குளத்தில், சாயங்காலம் காணாமல் போனதை முதல் இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. சூரியன் மலைக்கு ஒரு சாண் மேலே நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும், நடுவில் ஒன்றும் கிடையாது. மழை மூட்டமோ என்றார்கள். பிறகு, இல்லை, சாயங்காலம்தான் இல்லை என்று தெரிந்ததும், சரி, இல்லாவிட்டால் இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று முடிவுசெய்தார்கள். அரிசி ஆலைக்காரரிடம் சொல்லி ஆறு மணிக்குச் சங்கு ஊதவைத்தார்கள். சங்கு ஊதினால் சாயங்காலம் என்று வைத்துக்கொண்டு பூசாரி கோயிலில் மணியடித்தார், பெண்கள் விளக்கேற்றினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்காதே, விளக்கு வைக்கிற நேரத்தில் பெருக்காதே என்று வாங்கின ஏச்செல்லாம் ஒரேயடியாக ஒழிந்ததில் மருமகள்கள் உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள். கொல்லைகளில் மல்லிகை அரும்பு அரும்பாகவே நின்றது. விரியாத பூவென்றால் வெளியூருக்குத் தாங்கும் என்று வியாபாரிகள் போட்டிபோட்டு வாங்கினார்கள். மாடுகள் மட்டும் சங்கை மதிக்கவில்லை. வெளிச்சம் சாய்ந்தால் திரும்பலாம் என்று மேய்ச்சல் காட்டிலேயே நின்றுகொண்டிருந்தன, டார்ச் அடித்து ஓட்டிவர வேண்டியிருந்தது.

செய்தி அருமைநாயகத்தின் கடைக்கு வர மூன்று வாரம் ஆனது. வந்ததும் அவர் கூட்டத்தைக் கூட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அன்னைக்குத் தண்ணிய ஊத்தாதது ஆரு?" என்று கேட்டார். பேராச்சி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். வாய் வரை வந்த சொல்லைச் சாக்கட்டிக் கோடு தடுத்தது.

"நான்தான் அண்ணாச்சி," என்றார் பக்கீர் மைதீன். "கை தவறிப் பஸ்ஸுல கொட்டிட்டு."

அருமைநாயகம் அவரை வைத வசவுகளை இங்கே எழுதுவதற்கில்லை. ஆறு மாதத்துக்குத் தார்ப்பாயை அவரே சுமக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வெளியே வந்ததும் பேராச்சி அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க மடியில பையிக்குள்ள பாட்டில பாத்தேன்," என்றார் பக்கீர் மைதீன். "கோமதியண்ணன் போன வாரம் என் கடைக்கு முன்னால போகும்போது சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டிருந்தாவ. மூணு வருசமா அப்படிப் பாத்ததில்ல. அதான் சொல்லல. ஆனா மைனி, எனக்குத் தோளு ஆறு மாசந்தான் தாங்கும்."

நாற்பதாம் நாள் செங்கால்குளத்திலிருந்து வடிவு வந்தாள். மல்லிகைக் கொல்லை வைத்திருப்பவள், பத்து வருஷ வாடிக்கை. மகள் சடங்குக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தவள், பஸ் தாமதமானதால் ஆறரைக்குத்தான் வந்து சேர்ந்தாள். பேராச்சி ரவிக்கையைத் தாளில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் வெளிச்சம் எழுந்தது. வடிவு பேச்சை நிறுத்தினாள். காற்றை மோந்தாள். புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எக்கா, இது எங்க ஊருதுல்லா?" என்றாள்.

பேராச்சி பொட்டலத்துக்கு நூல் சுற்றினாள். சண்டை வரும் என்று காத்திருந்தாள்; சண்டை வந்தால் தேவலை, திருப்பிப் பேசலாம். வடிவு சண்டை போடவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "கொஞ்ச நேரம் இதுல இருந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டு, தரையில் துணிவெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கென்ன கொற, பூவு நல்ல வெலைக்குத்தான் போகுது," என்றாள் சற்றுப் பொறுத்து, யாரையும் பார்க்காமல். "விடியக்காலம் நான் பூப்பறிக்கப் போயிருவேன், அவுக பால் கொண்டுபோயிருவாக. பகல்ல ஆளுக்கொரு தெசை. ராத்திரி படுத்தா கட்டைதான். அந்தச் சாயங்காலம் ஒண்ணுதான், கரையில போயி அரைமணி உக்காருவோம். ஒண்ணும் பெருசாப் பேச மாட்டோம், இன்னைக்கு எருமை உதைச்சிட்டு, நாளைக்கு மழை வரும், அவ்வளவுதான். இப்ப நாப்பது நாளா அவுகளும் நானும் ஒரு வார்த்த பேசல எக்கா. சண்ட ஒண்ணும் இல்ல. பேசறதுக்கு நேரம் இல்ல." ஏழு மணிக்கு எழுந்து, ரவிக்கையை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கைப் போட பேராச்சிக்குக் கை வரவில்லை.

"கொண்டுபோயி ஊத்திரு," என்றார் கோமதிநாயகம்.

"மாட்டேன்."

"ஏட்டி."

"அவுகளுக்கு மில்லு சங்கு இருக்கு, ஊதிக்கிடட்டும். நமக்கு என்ன இருக்கு?" அவள் குரல் கிழிந்தது. "ஆவணி மட்டும் பொறுங்க. புள்ள பொறக்கட்டும், ஒரே ஒரு தடவ அது மொகத்தப் பாத்துருங்க. மறுநாளே கொண்டுபோயி ஊத்திருதேன், சத்தியமா."

"ஒரு தடவ பாத்தா ரெண்டாந்தடவ பாக்கச் சொல்லும். அப்புறம் அது தவழுறதப் பாக்கணும், நடக்கிறதப் பாக்கணும், பள்ளிக்கூடம் போறதப் பாக்கணும்." அவர் கையைத் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரெண்டு வருசம் ஓட்டியிருக்கேன் பேராச்சி. அந்த ஊரு சனம் கைகாட்டி நான் வண்டிய நிப்பாட்டாமப் போனதில்ல. அந்தப் பொம்பள இன்னைக்குக் கைகாட்டிட்டுல்லா போறா."

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. படுத்தவள் விடிய விடியப் புரண்டாள், புரண்டதில் ஒரு யோசனை வந்தது. இங்கே தெரிகிற கண் அங்கே தெரியாமலா போகும்? வெளிச்சம் அதேதானே! குளத்தில் ஊற்றிவிட்டுத் தினமும் அஞ்சு மணி பஸ்ஸில் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனால் ஆயிற்று, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனால் ஆயிற்று. காலையில் இதைச் சொன்னபோது அவர், "பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பஸ் ஏறியபோது கோமதிநாயகமும் ஏறினார், டிரைவர் எழுந்து அவருக்கு வணக்கம் சொன்னார். பேராச்சி நேராக அருமைநாயகத்திடம் போய், பையைத் திறந்து பாட்டிலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார், கோமதிநாயகத்தைப் பார்த்தார், தார்ப்பாயைச் சுமந்து நின்ற பக்கீர் மைதீனைப் பார்த்தார். வைவதற்கு நிறைய வைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "மூடி இறுக்கமா இருக்கா தாயி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கீர் மைதீன் தோளிலிருந்த தார்ப்பாயை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குப் படித்துறையில் சூரியன் மலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. பாட்டில் வந்த செய்தி கேட்டு ஊர் சனம் கரையில் கூடியிருந்தது. வடிவும் இருந்தாள், அவள் புருஷன் நாலு அடி தள்ளி நின்றான். பேராச்சி புருஷனின் கையைப் பிடித்துக் கடைசிப் படிவரை இறங்கி, மூடியைத் திருகினாள். திருகின கை நின்றது. அந்தக் கணம் யாராவது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் திரும்பி ஓடியிருப்பாள்.

"ஊத்து," என்றார் அவர்.

ஊற்றினாள். ஒரு பாட்டில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? அந்த ஒரு பிடி நிறம் தண்ணீரில் விரிந்து, அல்லிக் கொடிகளைத் தாண்டி, நடுக்குளத்துக்குப் போய், எதிர்க்கரையைத் தொட்டு, அங்கிருந்து வயலில் ஏறி, பனையில் ஏறி, ஓட்டுக் கூரைகளில் ஏறி, கடைசியில் வானத்துக்கும் போனது. சூரியன் அவசரமில்லாமல் இறங்கத் தொடங்கியது. மேய்ச்சல் காட்டில் மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. நாற்பது நாளாகக் காத்திருந்த மல்லிகை அரும்புகள் கொல்லை கொல்லையாக விரிந்தபோது அந்த வாசத்தில் குழந்தைகள் தும்மின. யாரும் கைதட்டவில்லை. தெருவுக்குள்ளிருந்து ஒரு மாமியாரின் குரல் கேட்டது: "விளக்கு வைக்கிற நேரத்துல வாரியலத் தூக்கிக்கிட்டு எங்கட்டி போற?" வடிவு புருஷன் கரையில் உட்கார்ந்து, தோள் துண்டை உதறிப் பக்கத்தில் விரித்தான். மில்லுச் சங்கு ஊதியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பேராச்சி புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுதா?" என்றாள்.

கோமதிநாயகம் முகத்தை வானத்துக்கு நேராக வைத்திருந்தார். "தெரியுது," என்றார். "நல்லாத் தெரியுது. அந்தா, கொளம் பூரா ஒரே கலரு. மாடு வருது. அங்க பாரு, நம்ம புளியமரத்துல எவ்வளவு கொக்கு அடையுதுன்னு. மரமே வெள்ளையா ஆயிட்டு."

அவர் கை நீட்டின இடத்தில் தார்ச்சாலை இருந்தது. சாலைமேல் வானம் இருந்தது. பேராச்சிக்குப் புரிந்தது. ஓர் அறைக்குள் நின்ற வெளிச்சத்தை ஓர் ஊருக்கே பங்கு வைத்தாயிற்று, இரண்டு கண்ணுக்கு மிஞ்சும் அளவு அதில் இல்லை. அவள் மனசு ஆறட்டும் என்று இருபத்திரண்டு வருஷத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னால் படிகளில் நின்ற எட்டுப் பேரும், ஊர் சனமும், மரம் இல்லாத அந்த இடத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஆமா," என்றாள் பேராச்சி. "நெறைய அடையுது."

ஆவணியில் சுபிதாவுக்குப் பெண் பிறந்தது. சாக்கட்டிக் கோட்டுக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கோமதிநாயகம் அந்த முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நெற்றி சுபிதாவுடையது, மூக்கு பேராச்சியுடையது என்றார். கண்ணைத் தொடும்போது மட்டும் விரல் சற்று நின்றது.

புரட்டாசியில் கூட்டம் மறுபடி செங்கால்குளம் போனது. கோமதிநாயகம் இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் கூட்டத்தோடு வருகிறார்; தார்ப்பாயில் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறார். பேராச்சி குளத்தை வரைந்தாள், படித்துறையை வரைந்தாள், வானத்துக்கு ஏதோ ஒரு சிவப்பைப் போட்டாள். பிறகு தூரிகையைக் கழுவி, பழுப்பைத் தொட்டு, சாலை திரும்புகிற இடத்தில் ஓர் அடிமரத்தை எழுப்பினாள். கிளைகளை விரித்தாள். இலைகளைப் பொடிப்பொடியாக வைத்து, நடுவே வெள்ளைத் தாளை வெள்ளையாகவே விட்டுவிட்டுக் கொக்குகளை உட்கார்த்தினாள்.

முதுகுக்குப் பின்னால் அருமைநாயகம் வந்து நின்றது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. பக்கீர் மைதீன் தன் எருமையை அப்படியே விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். அருமைநாயகம் படத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைக்க வேண்டியதற்கும் அதிகமாகவே துடைத்தார்.

"தெக்குக் கிளை அவ்வளவு ஒசரம் இல்ல தாயி," என்றார். "கீழ எறக்கு. ஆறு மணி வண்டி திரும்பயில கூரையில உரசணும்லா."

பேராச்சி கிளையைக் கீழே இறக்கினாள்.